வெற்றுத் தாளில் வாசித்தது

கைப்பேசியின் வழிகாட்டிக் குரல் ஒரு வளைவுக்கு முன்னால் சட்டென்று நின்றுபோனால் இன்றும் எனக்கு உள்ளங்கை வேர்க்கும்.

மாமா ஒரு காலத்தில் கார் ராலிகளில் ஓட்டியவர். பக்கத்தில் உட்கார்ந்து வழிக்குறிப்பு வாசித்த சேவியர் ஒரு மலைப் பந்தயத்தில் இறந்த பிறகு, அந்த இடது இருக்கையில் அவர் யாரையும் உட்கார விட்டதில்லை. பழைய ராலி வீரர்களின் படங்களை நோட்டில் ஒட்டி வைத்திருந்த நான், பத்து வயதில், ஒரு மத்தியானம், கெஞ்சிக் கெஞ்சி அதில் ஏறிவிட்டேன். பெட்ரோலும் வெயிலில் காய்ந்த ரெக்சினும் மணத்தன. இராஜாக்கமங்கலம் ரோட்டுக்கு வந்ததும் சேவியரின் குறிப்பேட்டை என் மடியில் போட்டார்.

"வாசி மக்கா."

"இடது வளைவு. ஐம்பது மீட்டர் நேர். வலது, இறுக்கம்."

எங்கோ ஒரு மலைக்கு எழுதியது அது. ஆனால் தென்னந்தோப்பு ரோடு நான் வாசித்தபடியே வளைந்தது. மாமா வேகத்தைக் கூட்டினார். அடுத்த பக்கத்தில் எழுத்தே இல்லை.

"அடுத்தது என்னட்டி?"

"ஒண்ணும் எழுதல்ல மாமா."

"அவன் சொல்லுவான். நீ வாசி."

எதிரே குளம். வெற்றுத் தாளைப் பார்த்து, அதில் இருப்பதுபோலவே வாசித்தேன்: "நிறுத்து."

கார் கரையோரம் நின்றது. மாமா ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்கவில்லை.

"அண்ணைக்கு அந்த மலையிலயும் இதைத்தான் சொன்னான்," என்றார். "நான் கேக்கல்ல."