நாம்பன் கண்டு போட்ட மாலை

செத்தல் மிளகாய், அதாவது காய்ந்த மிளகாய், கட்டிவைத்த சாக்கை உதறினால் எழும்பும் தூசி கண்ணுக்குத் தெரிவதில்லை. முதலில் மூக்கின் உள்ளே சின்னதாய் ஒரு கூச்சம், பிறகு தொண்டையில் ஒரு கரகரப்பு, அதற்குப் பிறகு நெற்றிப்பொட்டு வரை விறுவிறுவென்று ஏறும் ஒரு காரம். தும்மி முடிப்பதற்குள் கண்ணிலிருந்தும் நீர் கொட்டிவிடும். எனக்குப் பதினான்கு வயதாக இருந்தபோது, தைப்பொங்கலை ஒட்டிய நாட்களில், அந்தக் காரம் எங்கள் வீட்டு விறாந்தையிலும் அம்மாவின் தையல் மெசினிலும் என் தம்பியின் முதுகிலும் குடியிருந்தது. காரணம் நான்தான். நான் ஒரு மாடு தைத்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் வீடு யாழ்ப்பாணத்து உரும்பிராயில், கோப்பாய்க்குப் போகும் வீதியை ஒட்டி இருந்தது. அப்பா தோட்டக்காரர், மிளகாயும் வெங்காயமும் மாறி மாறிப் போடுவார். சண்டை ஓய்ந்து, கொழும்புக்குப் போகும் பாதை திறந்து, சனம் கொஞ்சம் நிம்மதியாக நடமாடிய அந்தச் சில வருடங்களில், எங்கள் ஊர்ச் சனசமூக நிலையத்துக்காரர் வெகு காலத்துக்குப் பிறகு பொங்கல் விழா வைப்பதென்று முடிவெடுத்தார்கள். மாடுகளுக்குப் பொங்கும் பட்டிப்பொங்கலன்று பின்னேரம், நிலையத்து முற்றத்தில் மேடை போட்டு, பிள்ளைகளைக் கொண்டு ஒரு நாடகம். எழுதியவரும் பழக்கியவரும் சேகர் அண்ணை. மற்ற நாட்களில் லொறி ஓட்டுகிறவர். கதை இதுதான்: கமக்காரன் ஒருவன் கஷ்டத்தில் தன் காளையை விற்கச் சந்தைக்குக் கொண்டுபோகிறான், அது வர மாட்டேன் என்று அடம்பிடிக்கிறது, கடைசியில் அவன் மனம் மாறி அதை வீட்டுக்கே திருப்பிக் கொண்டுவருகிறான். காளையை எங்கள் பக்கத்தில் "நாம்பன்" என்போம். கமக்காரனாகச் சேகர் அண்ணையே நடித்தார். நாம்பனாக நடிக்க இரண்டு பொடியன்கள் தேவைப்பட்டார்கள். முன்னங்காலும் தலையும் பக்கத்து வீட்டு ரமணன். பின்னங்காலும் வாலும் என் தம்பி தயாளன்.

தம்பிக்கு அப்போது பத்து வயது. அவனுக்குத் திக்கு இருந்தது. சில சொற்கள் அவன் வாய் வாசலில் வந்து முட்டிக்கொண்டு நிற்கும். "உ"விலும் "ப"விலும் தொடங்குபவை என்றால் இன்னும் மோசம். அவன் கஷ்டப்படுவதைப் பார்க்க எங்களுக்குப் பொறுக்காது, அதனால் வீட்டில் எல்லோரும் அவனுக்காகக் கதைப்போம். கடைக்காரர் "தம்பிக்கு என்ன வேணும்?" என்று கேட்டால் நான் சொல்வேன். பஸ்ஸில் "எங்கை இறங்கிறாய்?" என்றால் அம்மா சொல்வார். அதில் என்னை விஞ்ச ஆளில்லை. கேள்வி அவனைப் போய்ச் சேருவதற்கு முன்பே பதில் என் வாயிலிருந்து புறப்பட்டுவிடும். அவன் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பான். அதைப் பாசம் என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம்.

பின்னங்கால் கிடைத்ததில் அம்மாவுக்குப் பெரிய ஆறுதல். "நல்லதாப் போச்சு. உள்ளுக்கை நிண்டால் அவனை ஒருத்தரும் ஒண்டும் கேக்க மாட்டினம்" என்றார்.

உடுப்பை யார் தைப்பது என்ற பேச்சு வந்தபோது, "நான் தைக்கிறன்" என்று முந்திக்கொண்டு சொன்னதும் நான்தான். பள்ளிக்கூடத்துத் தையல் வகுப்பில் நான் ஒரு கைக்குட்டைக்குக் கரை மடித்துத் தைத்து நல்ல பெயர் வாங்கியிருந்தேன். கைக்குட்டைக்கும் மாட்டுக்கும் இடையில் இருக்கும் தூரம் அப்போது எனக்குத் தெரியவில்லை. அம்மாவுக்குப் பொங்கல் வேலை தலைக்கு மேல் கிடந்தது. "தை பிள்ளை. ஆனால் மெசினுக்குள்ளை மொத்தமான சாமான் ஒண்டும் வைச்சுப்போடாதை, ஊசி முறியும்" என்று மட்டும் சொன்னார்.

அப்பாவின் பழைய வெள்ளை வேட்டியை வெட்டினேன். தைத்து முடித்துப் போட்டுப் பார்த்தால், வேட்டிக்குள்ளால் தம்பியின் நீலக் காற்சட்டை பளிச்சென்று தெரிந்தது. உள்ளுக்கு ஏதாவது தடிப்பாகக் கொடுக்க வேண்டும். அப்பா கொட்டிலுக்குள் கிடந்த வெறுஞ் சாக்குகளைக் காட்டி, "உதுகளைக் கழுவிப்போட்டு எடு" என்றார். நான் உதறிப்போட்டு எடுத்தேன். உதறுவதும் கழுவுவதும் ஏறக்குறைய ஒன்றுதான் என்பது என் எண்ணம்.

அடுத்தது கால்கள். இரண்டு கால்களையும் ஒரே பக்கமாக விரித்து வெட்டியதில் இரண்டும் வலது கால்களாகவே வந்துவிட்டன. ஒன்றைப் புரட்டிப் பொருத்தினால் சாக்கு வெளியிலும் வேட்டி உள்ளேயும் போனது. அந்தத் தையலைப் பிரிப்பதற்குத் தைத்ததைவிட இரண்டு மடங்கு நேரம் பிடித்தது. பிரித்துச் சரிசெய்து, தம்பியைக் கூப்பிட்டு மாட்டிப் பார்த்தால் இன்னொரு சிக்கல்: நான் அளவெடுத்தது அவன் நிமிர்ந்து நிற்கும்போது. மாட்டுக்குள் அவன் குனிந்து ரமணனின் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். குனிந்ததும் துணி மேலே இழுபட்டு, முழங்காலுக்குக் கீழே மனுசக் கால் நீட்டிக்கொண்டு நின்றது. கீழே துண்டு வைத்து ஒட்டுப் போட்டேன். மாடு பாவாடை கட்டியதுபோல இருந்தது.

அம்மா சொன்னதை நான் மறக்கவில்லை. ஆனால் கையால் தைத்துக் கை சலித்துப்போய், ஒரே ஒரு தையல்தானே என்று சாக்கை மெசினுக்குள் கொடுத்தேன். "டிக்" என்று ஒரு சத்தம் கேட்டது.

அடுப்பெரியும் குசினிக்குள் இருந்து அம்மாவின் குரல் வந்தது. "முறிஞ்சுதோ?"

"ஓம்."

"நல்லது."

அவ்வளவுதான். கொஞ்ச நேரத்தில் அம்மா வந்து, சாக்குத் தைக்கும் நீண்ட ஊசியை என் முன்னால் வைத்துவிட்டுப் போனார். முதுகைக் காட்டித் திரும்பியபோது அவருடைய தோள் குலுங்கியது. சிரிக்கிறார் என்று தெரிந்ததும் எனக்கு அழுகையே வந்தது.

தலைக்கு, கொம்பு ஒட்டிய ஒரு காகிதப் பெட்டி. மாட்டுக்குக் கண் பக்கத்தில்தானே இருக்கிறது என்று நான் இரண்டு பக்கத்திலும் துளை வெட்டினேன். அதைப் போட்டால் ரமணனுக்கு இடமும் வலமும் தெரிந்தன. முன்னால் என்ன இருக்கிறது என்பது மட்டும் தெரியவில்லை. "அக்கா, ஆரும் சத்தம் போட்டால்தான் நான் அந்தப் பக்கம் நடப்பன்" என்றான். முன்பகுதியும் பின்பகுதியும் தனித்தனி. பொடியன்கள் உள்ளே நுழைந்த பிறகு நடுவில் சேர்த்துத் தைக்க வேண்டும். அதற்கு ஒற்றை நூலில் நீள நீளமாக ஓடவிட்டால் போதும் என்று வைத்தேன்.

பட்டிப்பொங்கலன்று காலையில் ஊர் மாடுகள் எல்லாம் குளித்து, சந்தனமும் குங்குமமும் பூசி, மாலையோடு நின்றன. பின்னேரம் எங்கள் மாட்டுக்கும் யாரோ ஒரு மாலை கொண்டுவந்து போட்டார்கள். மேடைக்குப் பின்னால், சேலைகளைத் தொடுத்துக் கட்டிய மறைப்புக்குள், நான் நடுத் தையலைப் போட்டு முடித்தேன். அந்த நேரம் பார்த்துத் தும்புக் கயிற்று வால் கழன்று விழுந்தது. சேகர் அண்ணை, "கெதியாய், கெதியாய்" என்று விரட்டினார். தம்பியைக் கழற்றி எடுக்க நேரமில்லை. அவன் போட்டிருந்தபடியே வாலை வைத்து, நீண்ட ஊசியால் ஆழமாகக் குத்தி இழுத்து இறுக்கினேன். இந்த முறை தையல் நல்ல உறுதியாக விழுந்ததென்று எனக்கு மகிழ்ச்சி. வேட்டி, சாக்கு, அதற்கும் உள்ளே அவனுடைய காற்சட்டை, மூன்றையும் சேர்த்துத் தைத்திருந்தேன் என்பது எனக்கும் தெரியாது, அவனுக்கும் தெரியாது.

நாம்பன் மேடைக்கு வந்ததும் சனம் கைதட்டியது. சேகர் அண்ணை கயிற்றைப் பிடித்து இழுக்க, மாடு மறுத்து நிற்க, எல்லாம் பழகியபடியே போனது. நான் மறைப்பின் ஓரத்தில் நூல் கோத்த ஊசியோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளே வெக்கை. வியர்வை பட்டதும் சாக்கின் காரம் விழித்துக்கொண்டது போலும். மாட்டின் பின்பக்கத்திலிருந்து ஒரு தும்மல் கேட்டது. சனத்துக்குள் மெல்லிய சிரிப்பு. இன்னொரு தும்மல். மூன்றாவது தும்மல் மாட்டையே உலுக்கிப்போட்டது. "டர்ர்" என்று என் ஒற்றை நூல் முழு நீளத்துக்கும் விட்டுக்கொடுத்தது.

ரமணனுக்கு ஒன்றும் தெரியவில்லை. தலையும் இரண்டு காலுமாக அவன் மேடையின் மறு ஓரத்தை நோக்கி நடந்தான். நடுமேடையில், மேலே வெறும் உடம்பும் கீழே மாட்டுக் காலும் வாலுமாக, தம்பி தனியே நின்றான். காற்றைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் குனிந்தே நின்றவன், பிறகு மெல்ல நிமிர்ந்தான். உடுப்பைக் கழற்றி எறிந்துவிட்டு ஓட நினைத்து இழுத்தான். காற்சட்டையும் கூட வந்தது. இரண்டு கையாலும் இடுப்பைப் பொத்திப் பிடித்துக்கொண்டான்.

முற்றம் முழுவதும் அமைதி. அப்போது முன்வரிசையில் இருந்த ஒரு பெண் பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னது எல்லோருக்கும் கேட்டது.

"எடியே, நாம்பன் கண்டு போட்டிட்டுது!"

சனம் விழுந்து விழுந்து சிரித்தது. காளை கன்று போட்டால் சிரிக்காமல் என்ன செய்வது? எனக்குச் சிரிப்பு வரவில்லை. தம்பியின் காது சிவந்ததும் அவன் கண் நிலத்துக்குப் போனதும் எனக்கு மட்டும்தான் தெரிந்தது. அவனை உள்ளே இழுத்துவிட வேண்டுமென்று, ஊசியை உதட்டுக்கு நடுவில் கவ்விக்கொண்டு, சேலையைப் பிடித்து விலக்கினேன்.

அதற்குள் சேகர் அண்ணை அவன் முன்னால் வந்து குந்தியிருந்து, கமக்காரனின் குரலிலேயே கேட்டார். "அட, உவன் ஆர்? நீ ஆற்றை கண்டடா?"

யாருடைய கன்று என்று மேடையில் வைத்து, ஊர்ச் சனம் அத்தனை பேர் பார்த்திருக்க, தம்பியிடம் ஒரு கேள்வி. அவன் நிமிர்ந்து என்னைப் பார்த்தான். எப்போதும் பார்ப்பதுபோலத்தான் பார்த்தான். பதில் என் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. ஆனால் வாயைத் திறந்தால் ஊசி விழும். ஒரு கையில் சேலை, மற்றக் கையில் சிக்கிக்கொண்ட நூல். நான் வாயை மூடியபடி அவனைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அவன் என் பக்கத்திலிருந்து முகத்தைத் திருப்பினான்.

"உ... உ... உ..."

சேகர் அண்ணை தடியை ஊன்றிக்கொண்டு, வேறு வேலை இல்லாதவர்போல, காத்துக்கொண்டிருந்தார். சனமும் சிரிப்பை நிறுத்திவிட்டுக் காத்திருந்தது.

"உ... உங்கடை மாட்டின்ரை கண்டுதான். ப... பசிக்குது. தீன் போடுங்கோ."

அதற்குப் பிறகு எழுந்த சிரிப்பு வேறு மாதிரியானது. கைதட்டலும் விசிலும் கலந்தது. சேகர் அண்ணை எழுந்து சனத்தைப் பார்த்து, "ஒண்டைக் கொண்டுவந்தன், ரெண்டாய்ப் போச்சு. இனி ஏன் விக்கோணும்? வாங்கோடா, வீட்டை போவம்" என்றார். ஓரத்தில் திசை தெரியாமல் முட்டிக்கொண்டு நின்ற ரமணனின் கொம்பைத் தம்பி ஒரு கையால் பிடித்தான். மற்றக் கையால் காற்சட்டையைப் பிடித்தான். அப்படியே மூன்று பேரும் மேடையைவிட்டு இறங்கினார்கள்.

ஊசியை வாயிலிருந்து எடுத்துவிட்டு மேடைப் படியில் இருந்துவிட்டேன். மாடு பிரிந்தது, வால் பிரியவில்லை, தம்பி அழவில்லை.

பிளேட்டால் வாலை வெட்டி அவனை விடுவிக்கும்போது அம்மா சனத்தை விலக்கிக்கொண்டு ஓடிவந்தார். "பயந்திட்டியோ தம்பி?"

"இல்லை அம்மா, அவன்..." என்று நான் தொடங்கினேன்.

"அ... அக்கா, நான் சொல்லுறன்" என்றான் தம்பி.

நானும் அம்மாவும் வாயை மூடிக்கொண்டோம். என்ன சொல்லப்போகிறானோ என்று அம்மாவின் கண் கலங்கிவிட்டது.

"மு... முதுகு எரியுது அம்மா."

அப்படியே கிணற்றடிக்குக் கொண்டுபோய் வாளி வாளியாக வார்த்தோம். முதுகு முழுவதும் சிவந்து தடித்திருந்தது. தேங்காயெண்ணெய் பூசும்போதும் அவன் சிரித்துக்கொண்டே இருந்தான்.

நான் இப்போது கோப்பாயில் இருக்கிறேன். என் மகளின் பள்ளிக்கூட விழாவுக்கு மான் உடுப்பு யாழ்ப்பாணம் டவுனில் வாடகைக்குக் கிடைத்தது. தோய்த்து, மணத்தண்ணீர் தெளித்துத் தருகிறார்கள். அவளை உள்ளே நுழைத்து, சிப்பை இழுத்துவிட்டேன், மான் தயார். முன்புபோல வீட்டில் தைக்கிற ஆட்கள் இல்லாமல் போய்விட்டார்களே என்று சிநேகிதிகள் வருத்தப்படுவார்கள். நான் அந்தப் பேச்சில் சேர்வதில்லை. சேலை மறைப்புக் கட்டிய அந்த மரமேடையும் இல்லை; சீமெந்து மேடை வந்துவிட்டது, உறுதியாக இருக்கிறது. போனவற்றில் அநேகமானவை போகட்டும் என்றே எனக்குத் தோன்றுகிறது.

தம்பியின் திக்கு போகவில்லை. நீர் இறைக்கும் மெசின் திருத்துகிற கடை வைத்திருக்கிறான்; தொலைபேசியில் அவன் சொல்லி முடிக்கும்வரை வாடிக்கையாளர்கள் காத்திருக்கப் பழகிவிட்டார்கள். எங்களுக்குப் பழக அதைவிட அதிக காலம் எடுத்தது. விழா முடிந்த அடுத்த நாளே நான் கடையில் அவனுக்காகப் பதில் சொன்னேன். அவன் என் கையைத் தட்டினான். பிறகும் எத்தனையோ தரம் தட்டியிருக்கிறான். அந்தப் பழக்கம் எப்போது எங்கள் வீட்டைவிட்டுப் போனதென்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது.

போன ஆவணியில் அவனுக்குப் பெண் பார்க்கப் போனோம். பெண்ணின் தகப்பன் அவனைப் பார்த்து, "தம்பிக்கு எங்கடை பிள்ளையைப் பிடிச்சிருக்கோ?" என்று கேட்டார். தம்பி தொடங்கினான், சொல் வழியில் நின்றுகொண்டது. அம்மா என்னைப் பார்த்தார். நான் அம்மாவைப் பார்த்தேன். பிறகு இரண்டு பேரும் தேத்தண்ணிக் கோப்பையை எடுத்து, ஆற அமரக் குடிக்கத் தொடங்கினோம்.