மோட்டார் ரூமில் மாட்டிய இரண்டு பேர்

குரங்குகளின் கழிவில் கிடைக்கும் மரபணுவை ஒப்பிட்டு, எந்தக் கூட்டம் எதிலிருந்து பிரிந்து வந்தது என்று கண்டுபிடிப்பது என் ஆராய்ச்சி. அந்தக் கழிவைச் சேகரிக்க எம்.ரெட்டியபட்டி பக்கம், யாரும் புழங்காத ஒரு மோட்டார் ரூமுக்குள் நுழைந்தேன். காற்றில் இரும்புக் கதவு படாரென்று சாத்திக்கொண்டது. வெளித் தாழ்ப்பாளும் விழுந்துவிட்டது. போனில் டவர் இல்லை. மூலையில் ஒரு குட்டிக் குரங்கும் என்னோடு மாட்டியிருந்தது.

அது கத்தக் கத்த வெளியே கூட்டமே திரண்டது. தாய்க்குரங்கு ஜன்னல் கம்பியை உலுக்கிப் பல்லைக் காட்டியது. வெக்கை தாங்காமல் கதவைத் தட்டிக் கத்தினேன்.

சத்தம் கேட்டு, பக்கத்துப் பருத்திக் காட்டுக்கார அக்கா ஓடி வந்தார்.

"உள்ள யாரு தாயி?"

"மதுரையில இருந்து வந்திருக்கேன்க்கா. கதவத் தொறங்க!"

"கிட்ட வந்தா கடிக்க வருதுக. மொதல்ல குட்டிய வெளிய விடு!"

குட்டியைத் துப்பட்டாவில் ஏந்தி ஜன்னலுக்கு உயர்த்தினேன். கம்பிக்கிடையே தாயின் கை நீண்டு, குட்டியோடு என் விரல்களையும் சேர்த்துப் பிடித்தது. கண்ணை இறுக மூடிக்கொண்டேன். கடிக்கவில்லை. மெதுவாக என் விரல்களை விட்டுவிட்டுக் குட்டியை மட்டும் எடுத்துக்கொண்டு போனது.

கதவைத் திறந்ததும் அக்கா பதறினார். "கடிச்சுப்புடுச்சா?"

"இல்லக்கா, கையப் பிடிச்சுச்சு." சொல்லும்போதே அழுதுவிட்டேன்.

அவற்றுக்கும் நமக்கும் உள்ள உறவை மரபணு வரைபடத்தில் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். அது இவ்வளவு கதகதப்பாக இருக்கும் என்று அன்றுதான் தெரிந்தது.