வாடாமல்லி நிறத்தில் ஒரு சேலை

செவ்வாய்க்கிழமை பிற்பகல் ஒரு மணி. கோவை சிங்காநல்லூர் பேருந்து நிலையத்தில் மதுரை வண்டியில் ஏறி உட்கார்ந்தபோது எனக்கு இருந்த மிதப்பைச் சொல்லி மாளாது. அண்ணன் மகள் செல்விக்குக் கல்யாணம். முகூர்த்தப் பட்டு எடுக்க வரச்சொல்லி என்னை அழைத்தது அண்ணன் இல்லை, மதினி இல்லை, கல்யாணப் பெண்ணே போன் போட்டு அழைத்திருந்தாள்.

"அத்தை, மூணு நாள் விசேசத்துக்கு நாலு உடுப்பு. நலங்குச் சேலை தாய்மாமன் எடுத்துட்டாரு. ரிசப்சனுக்கு லெஹங்கா, மாப்பிள்ளையோட தங்கச்சி ஆன்லைன்ல போட்டுருச்சு. மறுவீட்டுக்கு அம்மா எடுத்துட்டாக. மணவறையில கட்டுற சேலை மட்டுந்தேன் பாக்கி. அதுவாச்சும் எனக்கு வாடாமல்லி கலர்ல வேணும். நீங்க வந்து சொல்லுங்க."

"நான் இருக்கேன்ல, விடுடி" என்றேன். எம்புட்டு தைரியம் பாருங்கள் எனக்கு.

எங்கள் பக்கத்தில் முகூர்த்தப் பட்டு மாப்பிள்ளை வீட்டார் எடுப்பது. பெண்ணும் கூடப் போவாள், உட்காருவாள், பார்ப்பாள். வாய் மட்டும் திறக்கமாட்டாள். அவள் மனதில் இருப்பதைச் சபையில் எடுத்துச் சொல்வது அத்தையின் வேலை.

வாடாமல்லி என்ன பெரிய விஷயம் என்று கேட்பீர்கள். செல்வி என்னைப் போல நல்ல கறுப்பு. சின்ன வயதிலிருந்து ஜவுளிக்கடையில் அந்த நிறத்தை அவள் தொடும்போதெல்லாம், "உன் நிறத்துக்கு எடுக்காதுடி" என்று யாராவது ஒருத்தர் கையைத் தட்டிவிட்டிருக்கிறார்கள். எனக்கும் இதே கதைதான். என் கல்யாணத்துக்கு அரக்குச் சேலை, அதற்குப் பின் வந்த முக்கால்வாசி விசேஷங்களுக்கும் அரக்குதான்.

பல்லடம், தாராபுரம் தாண்டி ஒட்டன்சத்திரத்தில் வண்டி பத்து நிமிடம் நின்றது. தேநீர் பதினைந்து ரூபாய், வெந்நீரில் சர்க்கரை போட்ட மாதிரி இருந்தது. திண்டுக்கல்லைக் கடந்ததும் நடத்துநரிடம், "விளாங்குடில நிக்குமாண்ணே?" என்று கேட்டேன்.

"நின்னா இறங்கிக்கங்க. நிக்கலேன்னா ஆரப்பாளையம் வந்து ஷேர் ஆட்டோவுல திரும்பிப் போங்க" என்றார். நல்லவேளையாக நின்றது. மணி ஆறு நாற்பது.

அண்ணன் வீட்டில் காப்பி குடித்து முடிப்பதற்குள் செல்வி என்னை உள்ளறைக்கு இழுத்துப் போய் கைபேசியில் படம் காட்டினாள். பூவேலை எதுவும் இல்லாத வாடாமல்லிச் சேலை, ஒரு விரல் அகலத்துக்கு வெள்ளிச் சரிகைக் கரை.

"ஒனக்கு நல்லாருக்கும்னு எப்படித் தெரியும்?" என்று சீண்டினேன்.

"லேப்ல எங்கூட வேலை பாக்குற பிள்ளை துப்பட்டாவ ஒருநாள் போட்டுப் பாத்தேன் அத்தை. கண்ணாடிய விட்டு நகரவே மனசில்ல. நான் அம்புட்டு அழகா இருந்தேன்." சொல்லிவிட்டு வெட்கத்தில் என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். இருபத்தாறு வயதுப் பெண், தன்னை அழகு என்று சொல்லி அன்றுதான் நான் கேட்டேன்.

புதன் காலை எட்டரை. அண்ணன், மதினி, செல்வி, நான் என்று நான்கு பேரும் ஒரே ஆட்டோவில். விளக்குத்தூண் பக்கம் போக இருநூற்றைம்பது கேட்டார் ஓட்டுநர்.

"முகூர்த்தப் பட்டா? அப்ப நேரத்தோட போயிருவோம்" என்று அவரே அவசரப்பட்டார். "எந்தங்கச்சிக்கு எடுக்கயில ராகு காலம் வந்துருச்சுன்னு கடை வாசல்லயே ஒண்ணரை மணி நேரம் உக்காந்திருந்தோம்க்கா."

எங்களுக்குக் குறித்த நேரம் ஒன்பதே கால் முதல் பத்தே கால் வரை. அதற்குள் முதல் சேலையாக முகூர்த்தப் பட்டை எடுத்து, பில் போட்டு, முந்தானை முனையில் மஞ்சள் தடவிவிட வேண்டும். ஒன்பது மணிக்கே கடையில் இருந்தோம். முப்பது கிலோமீட்டர் தள்ளி மேலூரிலிருந்து வரவேண்டிய மாப்பிள்ளை வீட்டு வேன் மாட்டுத்தாவணி நெரிசலில் மாட்டிக்கொண்டது. அவர்கள் பதினோரு பேர் படியேறி வரும்போது ஒன்பது ஐம்பது.

பிறகு நடந்ததெல்லாம் ஒரே ஓட்டம். வெள்ளை விரிப்பின் மேல் சேலைகள் வந்து விழுந்துகொண்டே இருந்தன. நாற்பது சேலை பார்த்திருப்போம். கடைசியில் மாப்பிள்ளையின் அம்மா இரண்டை ஒதுக்கினார். ஒன்று அரக்கு, கையகலக் கரை, முப்பத்திரண்டாயிரம். இன்னொன்று, நம்பினால் நம்புங்கள், வாடாமல்லி, ஒல்லியான வெள்ளிச் சரிகை, பதினெட்டாயிரத்து ஐந்நூறு. பின்னால் உட்கார்ந்திருந்த செல்வி என் முழங்கையை ஒரு அழுத்து அழுத்தினாள்.

மணி பத்து எட்டு. சம்பந்தியம்மா என் பக்கம் திரும்பினார். "மதினி, நீங்க காசி, காஞ்சிபுரம்னு ஊரு ஊராப் போயிட்டு வந்து எழுதுறவுக. உங்களுக்குத் தெரியாத சேலையா? நீங்க சொல்றதுதேன்."

பதினோரு பேரும் என்னைப் பார்த்தார்கள். கடைக்காரர்கூட விரித்த கையோடு நின்றார். எனக்குத் தலை கிறுகிறுத்துவிட்டது. காஞ்சிபுரத்தில் பார்த்தது, காசியில் பார்த்தது என்று இரண்டு நிமிடம் பேசினேன். அவர்கள் தலையாட்ட ஆட்ட, எனக்குள் இருந்த பெரிய மனுஷி இன்னும் பெரிதானாள். கை தானாகப் போய் அரக்குச் சேலையில் உட்கார்ந்தது.

"நம்ம பிள்ளை நிறத்துக்கு அரக்குதான் எடுக்கும். வாடாமல்லி எடுக்காது."

யாரும் என்னைச் சொல்லச்சொல்லவில்லை. ஐம்பத்து நான்கு வருடம் நான் கேட்டுக் கேட்டு வெந்த அதே வார்த்தை, என் வாயிலிருந்து, அதுவும் சபை நடுவில் வந்தது. முழங்கையில் இருந்த விரல்கள் விலகின.

"ஒனக்குப் பிடிச்சிருக்கா செல்வி?" என்றார் சம்பந்தியம்மா.

"அத்தை சொன்னாச் சரிதேன்."

பத்து பதின்மூன்றுக்குப் பில் போட்டார்கள். மதினி மஞ்சள் தடவினார். மஞ்சள் வைத்துவிட்டால் அந்தச் சேலைதான் மணவறைக்கு. அப்புறம் மாற்றக் கூடாது.

மதியம் பக்கத்து உணவகத்தில் எல்லோருமாகச் சாப்பிட்டோம். சாப்பாடு நூற்றிருபது ரூபாய். பாயசம் நன்றாக இருந்ததாம், எனக்கு இறங்கவில்லை. கை கழுவும் இடத்தில் சம்பந்தியம்மா என் அருகில் வந்து நின்றார்.

"ஒண்ணு சொன்னாத் தப்பா நெனைக்காதீக மதினி. செல்வி சிரிச்ச மொகத்துக்கு அந்த வாடாமல்லிதேன் எடுப்புன்னு எனக்குத் தோணுச்சு. நீங்க விவரம் தெரிஞ்சவுக, நீங்களே எடுக்காதுன்னு சொல்லவும் விட்டுட்டேன்."

குழாயைத் திறந்தபடி நின்றேன். அடிப் பாவி, நீ வாயை மூடிக்கொண்டிருந்தாலே போதுமே என்று என்னை நானே திட்டிக்கொண்டேன். அன்று முழுக்க செல்வி என்னிடம் முகம் கொடுத்துத்தான் பேசினாள். காப்பி போட்டுத் தந்தாள், தலையணை உறை மாற்றித் தந்தாள். ஒரு வார்த்தை கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலாம் என்று இருந்தது.

வியாழன் காலை யாரிடமும் சொல்லாமல் பேருந்து ஏறி அதே கடைக்குப் போனேன். வாடாமல்லி விற்காமல் இருந்தது. "நேத்தே எடுத்திருக்கலாம்லக்கா" என்றார் கடைக்காரர். அட்டையைத் தேய்த்து வாங்கிக்கொண்டு விளாங்குடி திரும்பினேன்.

செல்வி பெட்டியைத் திறந்து பார்த்தாள். சேலையை ஒருமுறை புறங்கையால் தடவினாள்.

"மறுவீட்டுக்காவது இதைக் கட்டிக்கடி. உங்கம்மாகிட்ட நான் பேசுறேன்" என்றேன்.

"பேச வேணாம் அத்தை." சட்டென்று வந்தது பதில். பிறகு மெதுவாக, "மணவறைக்குத்தேன் ஆசப்பட்டேன். அது முடிஞ்சுபோச்சு" என்று சொல்லி, மடிப்புக் கலையாமல் மூடி, பெட்டியை என் கையில் வைத்தாள். "நீங்க கட்டிட்டு வாங்க கல்யாணத்துக்கு. மணவறையில இருந்து நான் பாத்துக்கிறேன்."

'என் நிறத்துக்கு எடுக்காதுடி' என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. கடவுளே, அதையாவது விழுங்கினேன்.

பிற்பகல் இரண்டு மணிக்கு ஆரப்பாளையத்தில் கோவை வண்டி. வழியனுப்ப வந்த செல்வி ஜன்னல் வழியாகத் தண்ணீர்ப் பாட்டிலும் முறுக்குப் பொட்டலமும் நீட்டினாள். "வாரேன்டி" என்றேன். "வாங்க அத்தை, முதல் நாளே வந்துருங்க" என்றாள். வண்டி விளாங்குடியைத் தாண்டும்போதுதான் எனக்கு அழுகை வந்தது.

எத்தனையோ ஊர்களுக்குப் போய்வந்து எழுதியிருக்கிறேன். எங்கே என்ன விலை, எது எத்தனை கிலோமீட்டர் என்று பிசகாமல் சொல்வேன். இருநூற்றுச் சொச்சம் கிலோமீட்டர் போனது ஒரே ஒரு வார்த்தை சொல்வதற்கு, அதைச் சொல்லாமல் திரும்பியிருக்கிறேன்.

கோவை வீட்டு பீரோவில் என் அரக்குச் சேலைகளுக்கு மேலே அந்தப் பெட்டி இருக்கிறது. கல்யாணத்துக்கு இன்னும் பத்தொன்பது நாள். கட்டிக்கொண்டு போகத்தான் வேண்டும், கேட்டுவிட்டாள். முதல் வரிசையில் நான் வாடாமல்லியில் உட்கார்ந்திருப்பேன், நான் எடுத்துக்கொடுத்த அரக்கில் அவள் உட்கார்ந்து என்னைப் பார்ப்பாள்.