பிரேக் டீச்சரின் வலது செருப்பு

வண்டியில் ஏறியதும் வலது செருப்பின் வாரை அவிழ்த்து, செருப்பை இருக்கைக்கு அடியில் தள்ளிவிடுவாள். அதற்குப் பிறகுதான் சீட் பெல்ட், கண்ணாடி, "மூச்சை விட்டுட்டு சாவியைத் திருப்புங்க" எல்லாம். ஓட்டிப் பழகுகிறவருக்கு ஒரு பிரேக், பக்கத்தில் உட்கார்ந்து பழக்குகிறவளுக்கு ஒரு பிரேக் என்று இரண்டு பிரேக் வைத்த வண்டி. இரண்டும் கம்பியால் இணைந்தவை. ஒன்றை மிதித்தால் மற்றதும் இறங்கும். "செருப்போட இருந்தா பெடல் சொல்றது கேக்காது. வெறுங்காலுக்குத்தான் கேக்கும்" என்பது அவள் சித்தாந்தம்.

டிரைவிங் ஸ்கூலில் அவளுக்குப் பிரேக் டீச்சர் என்றே பெயர். பூனை குறுக்கே போனாலும் மிதிப்பாள், போகலாமா என்று பூனை யோசித்தாலும் மிதிப்பாள். வீட்டில் டிவி பார்க்கும்போது படத்தில் ஒரு கார் வேகமாக வந்தால் போதும், சோபாவில் இருந்தபடியே கால் தரையை அழுத்தும். "மெதுவா, கீழ் வீட்டுக்காரங்க பாவம்" என்பான் கணவன். அவன் லிஃப்ட் மெக்கானிக்.

இப்படி ஊருக்கெல்லாம் முந்திக்கொண்டு பிரேக் போடுகிறவள், தன் உடம்பு காட்டிய சிவப்பு விளக்கைக் கோட்டைவிட்டாள்.

நாள் தள்ளிப்போயிருந்த சமயம். வீட்டிலேயே சோதித்துப் பார்த்து, "புது ஸ்டூடண்ட் ஒண்ணு சேர்ந்திருக்கு" என்று கணவனிடம் மட்டும் சொல்லி வைத்திருந்தாள். அடிவயிறு இழுத்துப் பிடித்தபோது, சீட் பெல்ட் அழுத்துகிறது என்று நினைத்தாள். தோள்பட்டை நுனியில் குத்தியபோது, முந்தின நாள் யாரோ வளைவில் திருப்ப மறக்க, எட்டி ஸ்டீயரிங்கைப் பிடித்து இழுத்ததன் சுளுக்கு என்று தைலம் தடவிக்கொண்டாள். இந்தத் தொழிலில் தோள் வலிக்காதவர் யார்? ஆனால் கரு, கருப்பைக்கு வந்து சேராமல் வழியிலேயே குழாயில் தங்கிவிட்டிருந்தது. குழாய் கிழிந்து வயிற்றுக்குள் ரத்தம் கசிந்ததுதான் தோளில் வலியாகத் தெரிந்தது என்று டாக்டர் பிறகு சொன்னார்.

அவள் மயங்கிச் சரிந்த நேரத்தில் ஸ்டீயரிங்கைப் பிடித்திருந்தவர் ஆமை. அது அவள் வைத்த பெயர். ஆள் ரொட்டிக் கடைக்காரர். தலை நரைத்த பிறகு ஓட்டப் பழக வந்தவர். லைசென்ஸ் தேர்வுக்குப் போய் வெறுங்கையோடு திரும்புவது அவருக்கு வழக்கமாகிவிட்டது. இரண்டாவது கியரைத் தாண்டினால் பாவம் என்று நினைப்பவர். அவருக்குப் பின்னால் வரும் சைக்கிள்காரர்கள்கூடப் பொறுமையிழந்து மணியடிப்பார்கள்.

"அண்ணா, கொஞ்சம் ஓரமா நிறுத்துங்க" என்று சொல்லும்போதே அவள் முகம் வெளுத்துவிட்டது. ஆமை நிறுத்தவில்லை. மூன்றாவது கியர் போட்டார், நான்காவது கியர் போட்டார், ஹாரனிலிருந்து கையை எடுக்காமல் ஆஸ்பத்திரி வாசலில் கொண்டுபோய் நிறுத்தினார். நிறுத்தினார் என்பது ஒரு பேச்சுக்கு. வாசலில் இருந்த பூத்தொட்டிதான் நிறுத்தியது.

உடனே அறுவை சிகிச்சை. ஒரு குழாயை எடுத்துவிட்டார்கள். முகம் தெரியாத யாரோ கொடுத்த ரத்தம் அவள் உடம்பில் ஏறியது. மறுநாள் ஆமை அவளுடைய வலது செருப்பை ஒரு ரொட்டிப் பையில் போட்டுக்கொண்டு வந்தார். ரொட்டியும் இருந்தது, தனிப் பையில்.

வீட்டுக்கு வந்ததும் மாமியார் துணைக்கு வந்து சேர்ந்தார். இருமினாலும் சிரித்தாலும் தையல் இழுக்கும், வயிற்றோடு தலையணையை அணைத்துக்கொள்ள வேண்டும் என்று நர்ஸ் சொல்லி அனுப்பியிருந்தாள். மாமியாருக்கோ வாயைத் திறந்தால் நையாண்டி.

"அத்தை, கொஞ்ச நாளைக்கு சிரிக்க வைக்காதீங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

"சரிம்மா, உம்முனு இருக்கேன். உங்க மாமனாரை நினைச்சுக்கிட்டா அது தானா வந்துடும்."

தலையணை தேவைப்பட்டது.

குனிய முடியாத அந்த வாரங்களில் கணவன்தான் மண்டியிட்டுச் செருப்பை மாட்டிவிட்டான். எப்போதும் ஒரு துளை தள்ளி இறுக்கமாகத்தான் மாட்டுவான். லிஃப்ட் மெக்கானிக் புத்தி. பார்க்க வந்தவர்கள் எல்லோரும், "இன்னொரு குழாய் இருக்குல்ல, அப்புறமென்ன கவலை" என்று ஒரே ஆறுதலைச் சொன்னார்கள். "ஆமாமா, ரெண்டு பிரேக் வச்ச வண்டிதானே" என்று அவளும் சிரித்தே வழியனுப்பினாள். அழுகை மட்டும் வரவில்லை.

மறுபடி வேலைக்குப் போக டாக்டர் ஒரு நிபந்தனை வைத்தார். நிற்கிற வண்டியில் உட்கார்ந்து, ஆபத்துக்கு மிதிப்பதுபோல் பிரேக்கை ஓங்கி மிதிக்க வேண்டும். வயிற்றில் வலித்தால் இன்னும் பொறுக்க வேண்டும். கணவனோடு போய் ஸ்கூல் வண்டியில் உட்கார்ந்தாள். அவன் செருப்பு வாரை அவிழ்த்துவிட்டான். மிதித்தாள். இன்னொரு தரம் ஓங்கி மிதித்தாள். பிறகு அழ ஆரம்பித்தாள்.

"வலிக்குதா?"

"இல்ல."

"அப்புறம் ஏன் அழற?"

"வலிக்கவே இல்லங்க. வலி இருந்த வரைக்கும், அப்படி ஒண்ணு வயித்துல இருந்துச்சுங்கறதுக்கு ஒரு அடையாளமாவது இருந்துச்சு. இப்ப அதுவும் போயிடுச்சு."

"எனக்கு ஞாபகம் இருக்குமே" என்றான். அவள் எதிரில் அழக்கூடாது என்று வேலைக்குப் போன இடத்தில் லிஃப்டின் கூரைமேல் உட்கார்ந்து அழுததை அன்றுதான் சொன்னான். அவன் அப்படி அழுதிருக்கிறான் என்பதே அவளுக்குப் பெரிய நிம்மதியாக இருந்தது.

வேலைக்குத் திரும்பியவள் சாலையில் எல்லோருக்கும் வழிவிட ஆரம்பித்தாள். முன்பெல்லாம் பின்னால் யார் ஹாரன் அடித்தாலும் ஒதுங்கவிடமாட்டாள். இப்போது பஸ், குப்பை லாரி, பின்னால் நின்று திட்டுகிறவன் என்று சகலருக்கும், "விடுங்க, அவர் போகட்டும்." காரணம் கேட்டால், "ரத்தம் குடுத்தது யாருன்னு கேட்டேன், சொல்லமாட்டேன்னுட்டாங்க. இவராக்கூட இருக்கலாம்ல" என்பாள். திட்டிக்கொண்டே போகிறவனுக்கும் கையசைத்து ஒரு நன்றி போகும்.

ஆனால் கால்தான் சொன்ன பேச்சு கேட்கவில்லை. பெடலைவிட்டு எழாமல் எல்லாவற்றுக்கும் முன்கூட்டியே மிதித்தது. ஓட்ட வந்தவர்கள் தாமாக ஒரு பிரேக் போட வழியில்லை. "எல்லாத்தையும் நீங்களே மிதிச்சா அவங்க எப்பத்தான் கத்துக்குவாங்க டீச்சர்? இப்படியே போனா உங்களை ஆபீஸ்லதான் உட்கார வைக்கணும்" என்று ஸ்கூல் முதலாளி சொல்லிவிட்டார். வண்டியை விட்டு மேஜைக்குப் போவதை அவளால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. "ஒரு தடவை அசந்துட்டேன். மறுபடி அசந்துட்டா?" என்றாள் கணவனிடம். முன்பே வந்திருந்தாலும் கருவைக் காப்பாற்றியிருக்க முடியாது, அவள் பிழைத்ததே பெரிது என்று டாக்டர் தெளிவாகச் சொல்லியிருந்தார். தலைக்குப் புரிந்தது, காலுக்குப் புரியவில்லை.

ஆமை அவளுக்காகக் காத்திருந்தார். வேறு யாரிடமும் ஓட்டப் பழகமாட்டேன் என்று, ரொட்டிக் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்தே போய்க்கொண்டிருந்தார். மறுபடி தேர்வு வந்தது. அதற்கு முந்தின பாடத்தில், கடைத்தெருவில் வண்டி இரண்டாவது கியரில் ஊர்ந்துகொண்டிருந்தது. நின்றிருந்த வேன் ஒன்றின் பின்னாலிருந்து ஒரு சைக்கிள் திடீரென்று நடுவே வந்தது.

அவள் கால் பாய்ந்தது. ஆனால் அவள் அழுத்துவதற்கு முன்பே, உள்ளங்காலுக்குக் கீழே பெடல் தானாக இறங்கிவிட்டது. குலுக்கல்கூட இல்லாமல் வண்டி நின்றது. சைக்கிள்காரர் முறைத்துவிட்டுப் போனார்.

"போகட்டும் டீச்சர்" என்றார் ஆமை, சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல். "அவராக்கூட இருக்கலாம்."

சிரிப்பு வந்தது. கை பழக்கத்தில் மடியில் தலையணையைத் தேடியது, வயிறு இழுக்கவில்லை. வண்டி நகர்ந்தது. ஆமை மூன்றாவது கியருக்குப் போனார். அவள் மெல்லக் குனிந்து, இருக்கைக்கு அடியிலிருந்து வலது செருப்பை எடுத்துக் காலில் போட்டு, கணவன் மாட்டும் துளையைவிட ஒரு துளை தளர்த்தி, வாரைத் தானே மாட்டிக்கொண்டாள்.