பஞ்சுவும் பத்து டிகிரியும்

பம்பாய் மாட்டுங்காவில் குடியிருந்த பஞ்சு, மீன்வள ஆராய்ச்சி அலுவலகம் ஒன்றில் பதினாறு வருஷம் குமாஸ்தாவாக இருந்தவர். அந்தப் பதினாறு வருஷத்தில் ஒரு மீனைக்கூட அவர் நேருக்கு நேர் பார்த்ததில்லை. சயானில் ஒரு பழைய பங்களாவின் மாடியில் அவருடைய டைப்ரைட்டர் இருந்தது, தொட்டிகளெல்லாம் கீழே. மீன்கள் கீழே பிறந்து, வளர்ந்து, செத்து, அறிக்கையாக மாறிய பிறகுதான் மாடியேறி அவரிடம் வரும். பாலக்காட்டுக் குடும்பத்து ஆசாரத்துக்கு இதுவே அதிகம் என்பது அவர் எண்ணம். "பேப்பர்ல இருக்கற மீனுக்கு நாத்தம் கிடையாது" என்று மனைவி அகிலாண்டத்திடம் சமாதானம் சொல்லி வைத்திருந்தார்.

அறுபத்துநாலாம் வருஷம் ஜனவரியில் சூப்பரின்டென்டென்ட் வேங்கடசுப்ரமணியனுக்கு ஓர் ஆசை வந்தது. நீலகிரியின் குளிர்ந்த ஓடைகளில் வளரும் ட்ரவுட் மீனின் முட்டைகளைப் பம்பாயில் பொரிக்கவைத்துப் பார்க்க வேண்டும். ஈரப் பாசியில் பொதிந்து, ஐஸ் பெட்டியில் ரயிலேறி இரண்டாயிரம் முட்டைகள் வந்து சேர்ந்தன. தொட்டியின் உஷ்ணத்தைக் குறிக்க வேண்டிய உதவியாளர் கல்யாண லீவில் போயிருந்ததால், தர்மாமீட்டர் பஞ்சுவின் கைக்கு வந்தது.

"நம்பர் எழுதற வேலைதானே ஓய்" என்றார் சூப்பரின்டென்டென்ட்.

வீட்டில் பஞ்சு விஷயத்தை மெல்லச் சொன்னார். "நாளைலேர்ந்து மீன் பொரிக்கற எடத்துல வேலை."

அகிலாண்டம் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள். "எந்த எண்ணெயில?"

முட்டையிலிருந்து குஞ்சு வருவதும் பொரிப்புத்தான் என்று அவளுக்கு விளக்கி முடிக்க அரைமணி நேரம் ஆயிற்று.

தொட்டிகள் இரண்டு. நீரைக் குளிரவைக்கும் மெஷின் முதல் தொட்டியைப் பத்து டிகிரியில் வைத்திருக்கும். அதிலிருந்து வழிந்த நீர் இரண்டாவதற்குப் போய்ச் சேர்வதற்குள் பதினாறாகிவிடும். சில மத்தியானங்களில் பதினெட்டு. இரண்டாவது தொட்டியில் ஆறே நாளில் குஞ்சுகள் வந்துவிட்டன. சூப்பரின்டென்டென்ட் அலுவலகம் முழுவதற்கும் பேடா வாங்கிக் கொடுத்தார். முதல் தொட்டியில் முட்டைகள் உள்ளிருக்கும் கருவின் கண்ணை மட்டும் காட்டிக்கொண்டு அப்படியே கிடந்தன.

"உம்ம தொட்டி சர்க்கார் ஃபைல் மாதிரின்னா இருக்கு. அசைய மாட்டேங்கறதே" என்று சூப்பரின்டென்டென்ட் தினமும் பஞ்சுவைச் சீண்டினார். இரண்டு தொட்டிகளுமே பஞ்சுவின் பொறுப்புத்தான். ஆனாலும் மந்தமானது எதுவோ அது பஞ்சுவுடையது என்று எப்படியோ முடிவாகியிருந்தது.

பதினான்காம் நாள் முதல் தொட்டியும் பொரிந்தது. அதற்குள் இரண்டாவதில் சாவு தொடங்கியிருந்தது. அவசரமாகப் பிறந்தவை நூல்போல இருந்தன. சிலவற்றுக்கு முதுகு வளைந்திருந்தது. மாதக் கடைசியில் அந்தத் தொட்டியில் மிஞ்சியவை முப்பதோ நாற்பதோதான். பத்து டிகிரிக் குஞ்சுகளோ கொழுகொழுவென்று அடியில் படுத்திருந்தன.

பஞ்சு இதை அகிலாண்டத்துக்குத் தமக்குத் தெரிந்த பாஷையில் விளக்கினார். "பொறக்கறச்சயே ஒவ்வொண்ணும் வயத்துல ஒரு டிபன் டப்பா கட்டிண்டு வரது, கேட்டயா? மஞ்சக்கரு. தண்ணி சூடா இருந்தா நெஞ்சு படபடன்னு அடிச்சுக்கறது. டிபன் பூரா மூச்சு விடறதுக்கே செலவாயிடும், ஒடம்பு வளர மிச்சமே இருக்காது. குளிர்ந்த தண்ணின்னா நிதானமாச் சாப்டு நன்னா வளரும்."

"அப்போ நிதானமா இருந்தா நல்லதுங்கறேள். ரேஷன் கடைக்கு நீங்க போற வேகத்துக்கு இப்பத்தான் காரணம் புரியறது" என்றாள் அகிலாண்டம்.

தர்மாமீட்டர் பஞ்சுவுக்கு ஒரு பழக்கமாகிவிட்டது. சொந்தமாக ஒன்று வாங்கினார். குளிக்கும் வாளியில் விட்டுப் பார்த்தார். ஒருநாள் ரசத்திலும் விட்டபோது அகிலாண்டம் பொறுமை இழந்தாள்.

"இத்தனை வருஷத்துல என் நெத்தியைத் தொட்டு ஜுரமா இருக்கான்னு ஒரு தடவை பாத்திருக்கேளா?"

பஞ்சு தர்மாமீட்டரைத் துடைத்துச் சட்டைப்பையில் வைத்தார். மறுநாள் காலை ஆபீஸ் கிளம்பும்போது, செருப்பை மாட்டிக்கொண்டவர் அதைக் கழற்றிவிட்டு, திரும்ப உள்ளே வந்து அவள் நெற்றியில் புறங்கையை வைத்தார். "முப்பத்தேழு. சரியா இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

பிப்ரவரி இரண்டாம் வாரம் சூப்பரின்டென்டென்ட் ஒரு கூட்டத்துக்காக டெல்லி போயிருந்தார். செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு மெஷின் இரண்டு முறை இருமிவிட்டு நின்றது. மெக்கானிக் வந்து பார்த்து, பார்ட் மாற்றவேண்டும், சாயங்காலம் ஆகும் என்று சொல்லிப் போனான். பதினொன்றரைக்குப் பதிமூன்று. மத்தியானம் ஒரு மணிக்குப் பதினேழு. குஞ்சுகள் மேலே வந்து, நீர் விழும் மூலையில் ஒன்றன்மேல் ஒன்றாக முட்டிக்கொண்டு வாயைத் திறந்து திறந்து மூடின. சூடேறிய நீரில் காற்று குறைவு என்ற வாக்கியத்தைப் பஞ்சு பத்துத் தடவையாவது டைப் அடித்திருப்பார். அது எப்படி இருக்கும் என்று அன்றுதான் பார்த்தார்.

குடையைக்கூட எடுக்காமல் தாராவிக்கு ஓடினார். மீன் மார்க்கெட்டுக்கு ஐஸ் போடும் சுடலையின் கடையைத் தேடிப் பிடித்தபோது அவருக்குப் பேச மூச்சில்லை.

"மீனுக்கு ஐஸ் வேணும். நாலு பெரிய கட்டி. ஒடனே."

திருநெல்வேலிக்காரரான சுடலை அவரை ஏற இறங்கப் பார்த்தார். நெற்றியில் விபூதி, தோளில் பூணூல் தெரியும்படி வேர்வையில் நனைந்த சட்டை. "செத்து எத்தன நாளாச்சு அய்யரே?"

"சாகலை. உசிரோட இருக்கு. சாகாம இருக்கத்தான் ஐஸ்."

"செத்த மீனுக்குத்தான் ஐஸு போட்டுப் பழக்கம். உசிரோட இருக்க மீனுக்கு ஐஸு கேட்டு இன்னைக்குத்தான் ஒரு ஆளு வாராரு" என்றார் சுடலை. ஆனால் எழுந்துவிட்டார். உமி தூவிச் சாக்குப் போட்டு மூடிய ஐஸைக் கைவண்டியில் தானே தள்ளிக்கொண்டு வந்தார்.

தொட்டியைப் பார்த்ததும் ஒரு கட்டியை உடைத்து உள்ளே போடப்போனார். பஞ்சு குறுக்கே கையை நீட்டினார். அப்படி யாரையும் அவர் அதட்டியதில்லை.

"போடாதீங்கோ. ஒரேயடியாக் குளிர்ந்தாலும் போயிடும். கொஞ்சங்கொஞ்சமா எறங்கணும்."

"காச்சக்காரனக் கெணத்துல தள்ளுன மாதிரியா?"

"அதேதான்."

அலுவலகத்தில் காலியாகக் கிடந்த பால்பவுடர் டின்களில் ஐஸை அடைத்து, மூடியை இறுக்கி, ஒவ்வொன்றாகத் தொட்டியில் மிதக்கவிட்டார்கள். பஞ்சு கால்மணிக்கு ஒருமுறை படித்துச் சொல்வார். சுடலை டின்னைக் கூட்டுவார் அல்லது குறைப்பார். இடையில் சட்டைக் கையைச் சுருட்டிவிட்டுக்கொண்டு, பஞ்சு ஒரு குவளையால் நீரை மொண்டு உயரத்திலிருந்து ஊற்றிக்கொண்டே இருந்தார், காற்றுக் கலக்கட்டும் என்று. கையில் குஞ்சுகள் உரசின. முதலில் சிலிர்த்தது, அப்புறம் அதைக் கவனிக்க நேரமில்லை. பதினைந்து, பதினாலு, பன்னிரண்டு. ஆறரை மணிக்கு மெஷின் மறுபடி ஓடியபோது குஞ்சுகள் அடியில் இறங்கிவிட்டிருந்தன. செத்தவை எழுபது. அறுநூறுக்கு மேல் பிழைத்தன.

மிச்ச வேலையில் சுடலையும் பங்கெடுத்தார். குஞ்சுகளுக்குத் தீனி ஆட்டு ஈரல். அதைச் சுடலையின் மனைவி தங்கத்தாய் அம்மியில் அரைத்து, துணியில் வடிகட்டித் தருவாள். பஞ்சு முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு அதைத் தொட்டியில் தூவுவார். குஞ்சுகள் சாப்பிடுகின்றனவா என்று பார்க்க மட்டும் திரும்பிக்கொள்வார்.

வெயில் ஏறுமுன், மார்ச் தொடக்கத்தில், குஞ்சுகளை ஐஸ் சூழ்ந்த கேன்களில் நீலகிரிக்கே திருப்பி அனுப்பிவிட்டார்கள். தொட்டிகள் காலியாயின. பஞ்சு மாடிக்குத் திரும்பினார்.

இரண்டு வருஷம் கழித்து மலையிலிருந்து ஒரு கடிதம் வந்தது. பம்பாய்க் குஞ்சுகள் தனிக் குளத்தில் முக்கால் அடிக்கு வளர்ந்திருக்கின்றன. சோதனைக்காக ஒன்றைப் பிடித்து, எஸ்டேட் மானேஜர் வறுத்துச் சாப்பிட்டார். ருசி பிரமாதம் என்கிறார். கடிதத்துக்கு மூன்று நகல் எடுக்க வேண்டியிருந்தது. பஞ்சு எடுத்தார். அன்று மத்தியானம் டிபன் டப்பாவைத் திறக்கவில்லை.

சாயங்காலம் தாராவிக்கு நடந்துபோய்ச் சுடலையிடம் விஷயத்தைச் சொன்னார்.

"மீனுன்னா திங்கத்தான செய்வான் அய்யரே" என்றார் சுடலை, குரலைத் தணித்து.

"தெரியும்."

சுடலை ஒரு பெட்டியைக் கவிழ்த்து உட்காரச் சொல்லி, டீ வரவழைத்தார். பஞ்சு டீயைக் குடித்து முடித்துக் கிளாஸைக் கீழே வைத்தார்.

"பிரமாதம்னு எழுதியிருக்கான்" என்றார்.