வலது காலில் கியர்

தையல் மிஷின் ரிப்பேர்காரனுக்கு வண்டிதான் கடை. கோவில்பத்தில் இருக்கும் என் வீட்டில் போர்டு எதுவும் கிடையாது. காலையில் கருவிப் பெட்டியைப் புல்லட்டில் கட்டிக்கொண்டு கிளம்பினால் கிளிஞ்சல்மேடு, பட்டினச்சேரி என்று மிஷின் இருக்கிற வீட்டுக்கே போய், அங்கேயே உட்கார்ந்து சரிசெய்து கொடுப்பேன். அந்த இரும்புப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் ஏறி இறங்கி நடக்க முடியாது. வண்டி நின்றால் நானும் நின்றேன், அவ்வளவுதான்.

ஆனால் முதலில் நின்றது வண்டி இல்லை, என் முழங்கால். இருபத்தெட்டு வருஷம் கிக்கரை உதைத்த வலது கால். ஒருநாள் காலையில் கிக்கர் திருப்பி அடித்தது. வாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன். எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த டாக்டர், "இனிமே இந்தக் காலால எதையும் உதைக்காதீங்க" என்றார். அந்த 'எதையும்' என்கிற வார்த்தையை என் மனைவி தெருவெல்லாம் சொல்லிச் சிரித்தாள். அன்றைக்கு நானும் சேர்ந்துதான் சிரித்தேன்.

டவுனில் மெக்கானிக் பாயிடம் போனேன். உப்புக் காற்றில் சைலன்சர் ஓட்டையானாலும், மழையில் நனைந்து வண்டி அடம்பிடித்தாலும் அவர்தான் பார்ப்பார். பட்டன் ஸ்டார்ட் வைக்க முடியுமா என்று கேட்டேன். வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.

"வைக்கலாங்க. வச்சா பட்டன் இருக்கும், வண்டி இருக்காது. இத்தனை வருஷம் வண்டிக்கு ஸ்பேர் தேடினோம். இப்ப உங்க காலுக்குல்ல தேட வேண்டியிருக்கு."

எனக்குத் தெரிந்த ஒரு வழியைச் செய்தேன். காலையில் எதிர்வீட்டுக்காரர் உதைத்துக் கொடுப்பார். அப்புறம் சாயங்காலம் வரை எஞ்சினை அணைக்க மாட்டேன். நான் உள்ளே மிஷினைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருப்பேன், வாசலில் வண்டி பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். பட்டினச்சேரியில் ஒரு தங்கச்சி கேட்டேவிட்டது: "ஏண்ணே, உங்கள யாராச்சும் தொரத்துறாங்களா?"

ஒரு வாரம்கூட அந்த வழி தாங்கவில்லை. கிளிஞ்சல்மேட்டில் வண்டி தானாக அணைந்துவிட்டது. வெயிலில் யாருமில்லை. கடலுக்குப் போய் வந்து அசந்து தூங்கிக்கொண்டிருந்த ஒருவரை எழுப்பினேன். முகம் சுளிக்காமல் எழுந்து வந்து, நாலு உதையில் கிளப்பிக் கொடுத்து, "பார்த்துப் போங்க" என்றார். வயசானவர்களிடம் சொல்கிற மாதிரி சொன்னார். வீடு வரைக்கும் அது காதிலேயே இருந்தது.

விஷயம் கேள்விப்பட்டு மைத்துனர் தன் புது வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினார். "நாலு நாள் ஓட்டிப் பாருங்க அத்தான். புடிச்சா இதே மாதிரி ஒண்ணு எடுத்துடலாம்." பட்டனைத் தொட்டேன். அவ்வளவுதான், கிளம்பிவிட்டது. பொய் சொல்லவில்லை, கண் கலங்கிவிட்டது.

ஆனால் என் பழைய வண்டியில் கியர் வலது காலில், பிரேக் இடது காலில். புது வண்டியில் அப்படியே தலைகீழ். மிதி மிஷினிலிருந்து மோட்டார் வைத்த மிஷினுக்கு மாறுகிற பெண்களிடம், "நாலு நாள்ல கால் பழகிடும்மா" என்று எவ்வளவு லேசாகச் சொல்லியிருக்கிறேன். அதையே எனக்கும் சொல்லிக்கொண்டேன். பழகவும் செய்தது. யோசித்து மிதித்தால் கால் சரியாகத்தான் மிதித்தது.

மூன்றாம் நாள் யோசிக்க நேரமில்லை. கிளிஞ்சல்மேட்டுப் பாதையில், தலையில் மீன் கூடையோடு ஒரு அம்மா சந்திலிருந்து சட்டென்று குறுக்கே வந்தார். இடது காலை ஓங்கி மிதித்தேன். அது கியர். வண்டி உறுமிக்கொண்டு போனதே தவிர நிற்கவில்லை. கைப்பிரேக் என்று ஒன்று இருப்பது நினைவுக்கே வரவில்லை. பழைய வண்டியில் அது பேருக்குத்தான் இருந்தது. வண்டியின் கண்ணாடி அந்த அம்மாவின் முழங்கையில் இடித்தது. கூடை கவிழ்ந்து ரோடெல்லாம் மத்தி மீன்.

எப்படியோ ஓரமாய்ப் போய் நிறுத்தி ஓடிவந்தேன்.

"கண்ண எங்க வச்சிருந்தீங்க?"

"கண்ணு பார்த்துச்சும்மா. காலுதான் மாறிப்போச்சு."

"காலு மாறுமா? யாரு கால மாட்டிக்கிட்டு வந்தீங்க?"

மீனைப் பொறுக்கிக் கூடையில் போட்டேன். முழங்கையைத் தேய்த்துக்கொண்டே என் முகத்தைப் பார்த்தவர், குரலை இறக்கினார். "மிஷின்காரவங்கல்ல நீங்க. எம்மவ மிஷின் நீங்க பார்த்ததுதான்." கூடையைத் தலைக்கு ஏற்றிக்கொண்டு, "வாங்க, வர வேணாங்கல. நடந்து வாங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அதற்கு மேல் ஏறி உட்கார முடியவில்லை. அந்த முழங்காலோடு கோவில்பத்து வரை வண்டியைத் தள்ளிக்கொண்டே வந்தேன். மனைவி சாவியை வாங்கிக்கொண்டு, வண்டியை எடுத்துப்போகச் சொல்லித் தன் தம்பிக்குப் போன் செய்தாள்.

மறுநாள் காலையில் பட்டினச்சேரியிலிருந்து போன். "அண்ணே, பள்ளிக்கூடம் தொறக்கப் போவுது, யூனிஃபார்ம் குவிஞ்சு கெடக்கு. மிஷின் சுத்தவே மாட்டேங்குது. இன்னைக்கு வர்றீங்களா?"

"மிஷினை இங்க கொண்டாந்து தர ஆளு கிடைக்குமாம்மா?" இந்தத் தொழிலில் இப்படி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

"அத யாருண்ணே தூக்கிட்டு வருவா. சரிங்கண்ணே, நீங்க ஒடம்பப் பாருங்க. இந்தத் தடவ வேற ஆளப் பாத்துக்குறோம்."

"பாத்துக்கம்மா" என்றேன். அந்தப் பெண் கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தேவலை.