தெருவுக்கு அந்தப் பக்கம் இன்னொரு காலம்

“செத்தவங்க கதையப் படிச்சிக்கினு இன்னாம்மே சம்பாதிக்கப் போற நீ?”

திருப்பதிக் கல்லூரியில் வரலாறு படிக்க இடம் கிடைத்து, சித்தூர் பேருந்து நிலையத்தில் தகரப்பெட்டியோடு நின்றபோது மாமா கேட்டது. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் ஆள் நான். அன்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு பேருந்தில் ஏறிவிட்டேன். இன்று அந்தச் செத்தவர்கள்தான் பெங்களூரில் எனக்குச் சோறு போடுகிறார்கள்.

கணினி விளையாட்டு செய்யும் நிறுவனம். கற்கோடரியில் தொடங்கி ஊர் கட்டி, நாடு கட்டி, காலம் காலமாக முன்னேறும் விளையாட்டு. எந்தக் காலத்துக்கு எந்த வீடு, எந்தக் கலப்பை என்று சொல்வது என் வேலை. நேற்று ‘அடுத்த காலம்’ பொத்தானை அழுத்திப் பார்த்தேன். குடிசைகள் எல்லாம் ஒரே நொடியில் காரை வீடுகளாகிவிட்டன.

“ஒண்ணு ரெண்டு குடிசை நிக்கட்டுமே, சார்.”

“நின்னா ஏதோ பிழைன்னு நினைப்பாங்கம்மா. வளர்ந்துட்டோம்னு ஆடறவங்க கண்ணுக்குத் தெரியணும்ல?” என்றார் குழுத் தலைவர், சென்னைக்காரர்.

அதிலும் நியாயம் உண்டு. திருப்பதியில் விடுதித் தோழி பத்மாவோடு ஓர் இணைய மையத்தில் இப்படியொரு விளையாட்டை முதன்முதலாக ஆடியபோது, வீடுகள் மாறியதும் நான் கைதட்டியே விட்டேன். “ஏமே, மெல்லகா! மெதுவா, எல்லாரும் பாக்கறாங்கடி” என்று கிள்ளினாள். தட்டி முடித்த பிறகுதான், இதில் எங்கள் வீடு எங்கே என்று திரையில் தேடினேன்.

எங்கள் ஊரான குடிபாலாவில் அரசு கட்டித் தந்த எங்கள் காரை வீடு தெருவுக்கு இந்தப் பக்கம்; பழைய குடிசை அந்தப் பக்கம். பெங்களூரில் மாடி மாடியாகக் கான்கிரீட் போட்டுவிட்டு வரும் நைனா, ஊருக்கு வந்தால் நேரே குடிசையில்தான் படுப்பார். காரை வீட்டில் வேர்க்கடலை மூட்டைகள் இருந்தன. மழைக்கு ஒழுகாது என்பதால் டிவியும் அங்கேதான்.

“அதுக்குள்ள படுத்தா இட்லி மாரி வெந்துடுவ. டிவிக்கு இன்னா, அதுக்கு வேர்க்குதா?” என்பாள் அம்மா.

ஆகவே பொழுது சாய்ந்ததும் தெருவைக் கடந்து போய், மூட்டைகள் மேல் உட்கார்ந்து, செய்தியும் சீரியலும் பார்ப்போம். மண்வாசனையோடு பச்சைக் கடலையைத் துன்னுவோம். பிறகு தெருவைக் கடந்து ஓலைக்கடியில் தூங்கப் போவோம். பாடப்புத்தகம் பல நூறு ஆண்டுகளில் கடந்ததை நாங்கள் தினமும் போய் வந்துகொண்டிருந்தோம்.

இப்போது குடிசை இல்லை. என் சம்பளத்தில் காரை வீட்டுக்கு ஏசி மாட்டிய கோடையில், இனி எதற்கு என்று நைனாவே பிரித்துப் போட்டார். அங்கே தம்பியின் பைக் நிற்கிறது. ஏசியை ஆளாளுக்குப் படம் எடுத்தோம். குடிசையை ஒருவரும் எடுக்கவில்லை.

குடிசை நிற்கலாமா என்று வெள்ளிக்கிழமை குழுத் தலைவர் முடிவு சொல்வார். வேண்டாமென்றால் விளையாட்டிலும் அது நிற்காது. நான் காத்திருக்கவில்லை. இன்று காலையே ஒரு மாதிரிக் காட்சி செய்து அனுப்பிவிட்டேன். பொத்தானை அழுத்தியதும் ஊரெல்லாம் காரை வீடாகிறது. வளர்ச்சி கண்ணுக்குத் தெரிகிறது. ஒரு வீட்டின் எதிரே மட்டும் குடிசை நிற்கிறது. சாயங்காலம் ஒரு குடும்பம் தெருவைக் கடந்து போகிறது. இருட்டியதும் திரும்பி வருகிறது. கடைசியாக வரும் சிறுமியின் கை நிறையக் கடலை.